சிவப்பு பெயின்ட் அடித்த பீஸ்

பீளமேட்டில் மதன்குமாருக்குத் தேங்காய் விற்க எந்தக் கடைக்காரரும் ஆசைப்படுவதில்லை. அவர் தட்டிப் பார்ப்பார், ஆட்டிப் பார்ப்பார், காதோரம் வைத்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஏதோ துக்கச் செய்தி கேட்பவர் போல நிற்பார். பிறகு குவியலின் அடியிலிருந்து ஒன்றை உருவுவார். மேலே அடுக்கியிருப்பதெல்லாம் ஏமாளிகளுக்காக அடுக்கியது என்பது அவருடைய தீர்மானம். அடியில் உருவினால் குவியல் சரியும். சரிந்ததையெல்லாம் மரியாதையாகப் பொறுக்கி அடுக்கிக் கொடுத்துவிட்டு, "பரவாலீங்க, அப்புறம் வாரேனுங்க" என்று வெறுங்கையோடு கிளம்பிவிடுவார்.

இதைக் குறையென்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அவர் குடும்பம் நடப்பதே இதனால்தான். மோட்டார் பம்ப் செய்யும் கம்பெனி ஒன்றில் அவர் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறார். மற்றவர்கள் ஓசியில் செய்கிற காரியத்தை, அதாவது சந்தேகப்படுவதை, அவர் மாதச் சம்பளத்துக்குச் செய்கிறார். பம்புக்குப் பச்சை அட்டை கட்டினால் ஓகே, சிவப்பு கட்டினால் ரிஜெக்ட், முடிவு தெரியாவிட்டால் மஞ்சள் அட்டை. அதற்கு ஹோல்டு என்று பெயர். மதன்குமார் மேஜையில் மஞ்சள் அட்டைதான் சீக்கிரம் தீர்ந்துபோகும்.

காலையில் ஷிப்ட் தொடங்கியதும் அவர் பம்புகளைச் சோதிப்பதில்லை. பம்புகளைச் சோதிக்கும் பெஞ்சை முதலில் சோதிப்பார். அதற்கென்றே அவர் மேஜையடியில் ஒரு பம்ப் கூடு உட்கார்ந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத விரிசல் கொண்டது. தப்பித் தவறி விற்பனைக்குப் போய்விடக் கூடாதென்று உடம்பெல்லாம் சிவப்பு பெயின்ட் அடித்தது. அதைத் தொட்டித் தண்ணீரில் முக்கி, உள்ளே காற்றை அடைப்பார்கள். குமிழி வந்து, பெஞ்ச் அதை 'ரிஜெக்ட்' என்று காட்டினால் அன்றைக்கு வேலை ஓடும். ஓட்டைப் பீஸையே 'ஓகே' என்று காட்டிவிட்டால் ரிஜெக்ட் ஆவது பெஞ்ச்தான். அதன்பிறகு அது எதற்குச் சான்று கொடுத்தாலும் செல்லாது.

மனிதர்களைச் சோதிக்க இப்படியொரு சிவப்புப் பீஸ் இல்லையே என்பது மதன்குமாரின் நெடுநாள் வருத்தம். வாழ்க்கையில் அவர் முதல் பார்வையிலேயே ஓகே சொன்னது ஒரே ஒரு முறை. பெண் பார்க்கப் போன இடத்தில், கேசரி பொண்ணே கிண்டியது என்றார்கள். "எத்தனை டம்ளர் ரவைங்க?" என்று கேட்டார் மாப்பிள்ளை. சபை அதிர்ந்தது. உள்ளறையிலிருந்து பெண்ணின் குரல் வந்தது: "நான் கிண்டலீங்க. கடையில வாங்குனது." மறுபேச்சில்லாமல் பச்சை அட்டை கட்டிவிட்டார். அந்தப் பெண்தான் கீதா.

அந்தக் கீதாவே ஒரு நாள், மகள் லோகப்பிரியாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிடலாம் என்றபோது அவருக்கு இடி விழுந்தது போலிருந்தது. மகளுக்கு அப்போது ஒன்பது வயது. காலையில் சீருடை போட்டதும் வயிறு வலிக்கும். மதன்குமார் முறைப்படி கவனித்தார். சனி, ஞாயிறு வலியில்லை. பொங்கல் லீவில் வலியில்லை. திங்கட்கிழமை, வேன் ஹாரன் கேட்டதும் வலி.

"நீங்கதானுங்க கண்டுபுடிச்சீங்க, லீவு நாள்ல வலிக்கறதே இல்லைன்னு" என்றாள் கீதா.

"ஆமா. புள்ள நடிக்குதுன்னு சொன்னேன்."

"எனக்கு, பள்ளிக்கூடந்தான் வலிக்குதுன்னு தோணுச்சுங்க."

தன்னுடைய ஆதாரத்தை வைத்தே மனைவி தன்னைத் தோற்கடித்த பிறகு ஒரு தரக்கட்டுப்பாட்டுக்காரரால் என்ன செய்ய முடியும்? ஒப்பந்தம் ஒன்று போட்டுக்கொண்டார். ஒரு வருஷம் பார்ப்பது. பிள்ளை ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை என்று தெரிந்தால் அவிநாசி ரோட்டில் இருக்கும் பெரிய பள்ளியில் சேர்ப்பது. அதற்குப் பிறகு வயிற்றுவலியைப் பற்றி வீட்டில் யாரும் பேசக் கூடாது.

கீதா பார்த்து வைத்திருந்த இடம் கருமத்தம்பட்டி தாண்டி, பழைய விசைத்தறிக் கூடம் ஒன்றில் இருந்தது. பெயர், ஓணான். பிள்ளைகளே ஓட்டுப் போட்டு வைத்த பெயராம். மயிலும் சூரியகாந்தியும் டெபாசிட் இழந்தன. எது சொன்னாலும் தலையாட்டும் பிராணியின் பெயரை வைத்த அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நேர்மை இருப்பதாக மதன்குமாருக்குப் பட்டது.

அங்கே மணி இல்லை, வகுப்பு இல்லை, பெஞ்ச் இல்லை. பிள்ளைகள் எதைக் கற்க நினைக்கிறார்களோ அதையே கற்பார்கள். நடத்துகிறவர் தமிழ்ச்செல்வன். கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்தவர், தாடி வைத்திருந்தார். நல்ல வேலையை விட்டவர், தாடி வேறு. இரண்டையும் மனதில் குறித்துக்கொண்டு மதன்குமார் விசாரணையைத் தொடங்கினார். கொங்கு நாட்டில் ஒருவரை எவ்வளவு சந்தேகிக்கிறோமோ அவ்வளவு மரியாதை கூடும் என்பதால், பேச்சு மிகுந்த மரியாதையோடு நடந்தது.

"ஏனுங்க, சிலபஸ் என்னதுங்க?"

"கொழந்தைங்க கேக்கறதுதானுங்க."

"பரீட்சைங்க?"

"அவங்களா வேணும்னா வெப்பமுங்க."

"இதுவரைக்கும் எந்தப் புள்ளையாச்சும் வேணும்னு சொல்லியிருக்குதுங்களா?"

"இல்லீங்க."

"அப்ப நீங்க என்னதானுங்க பண்ணுவீங்க?"

"கூட இருப்பனுங்க."

கூட இருப்பதற்கு ஒரு ஆளா என்று மதன்குமார் திகைத்தார். பிள்ளைகள் வந்து ஏதாவது கேட்டாலும் அந்த மனிதர் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்வதில்லை. தாடியைச் சொறிந்துகொண்டு "பாத்துரலாமே" என்பார். ஒன்றும் தெரியாதவர் எல்லாம் தெரிந்தவர் போல நடிக்க இதைவிட நல்ல வார்த்தை தமிழில் கிடையாது என்று மதன்குமார் அன்றே முடிவு கட்டினார்.

அந்த வருஷம் முழுக்க அவர் மகளைக் கண்காணித்தார். பல்லுக்கிடையில் வாழைப்பழ நார் சிக்கியது போல ஒரு சந்தேகம் எந்நேரமும் உறுத்தியது. ஒரு மாதம் அவள் எறும்பு பார்த்தாள். அடுத்த மாதம் தயிர் ஏன் உறைகிறது என்று சமையலறையைக் கலைத்துப்போட்டாள். ஒரு நாள், பெற்றோரின் வேலையிடத்தைப் பார்க்க வேண்டும் என்று கம்பெனிக்கே வந்து நின்றாள். அது என்ன, இது என்ன, அதற்கு எதற்கு சிவப்பு பெயின்ட் என்று கேட்டுக் குடைந்ததில் மதன்குமார் பொறுமையிழந்து, சூப்பர்வைசர் வரதராஜுலுவிடம் பன்னும் டீயும் வாங்கிக் கொடுக்கச் சொல்லி அனுப்பிவிட்டார். வயிற்றுவலி மட்டும் ஒரு நாளும் வரவில்லை. அதுவும் அவருக்குச் சந்தேகமாகவே இருந்தது. வலிக்காத இடத்தில் படிப்பு எப்படி ஏறும்?

உறவுக்காரர் கல்யாணம் அவிநாசியில் வந்தபோது நிலைமை முற்றியது. கொங்கு நாட்டுப் பந்தியில் சோறு பரிமாறுவதற்கு முன்பே பரிமாறப்படும் கேள்வி ஒன்று உண்டு.

"ஏனம்மணி, எத்தனாவது படிக்கறே?" என்றார் பெரியப்பா முறையுள்ள பாலுசாமி.

"இப்ப கெணறு படிக்கறேனுங்க பெரீப்பா" என்றாள் லோகப்பிரியா.

பாலுசாமி இலையைப் பார்த்தார். ரசத்தைப் பார்த்தார். பிறகு மதன்குமாரைப் பார்த்து, "பரவாலே தம்பி, புள்ள நல்லாத்தான் இருக்குது. டாக்டர்கிட்டக் காட்டுனியா?" என்றார்.

அந்த வாரமே மதன்குமார் அவிநாசி ரோட்டுப் பெரிய பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு நுழைவுத் தேர்வு எழுத ஏற்பாடு செய்துவிட்டார். ஒப்பந்தப்படி வருஷம் முடிந்திருந்தது.  மகள் அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை. "வயிறு வலிக்குதா கண்ணு?" என்று கேட்டார். "இன்னும் இல்லீங்ப்பா" என்றாள். 

பெரிய பள்ளியின் வரவேற்பறையில் மீன் தொட்டி இருந்தது, ஏ.சி. இருந்தது, உலக உருண்டை ஒன்று தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. லோகப்பிரியாவின் கையில் ஒரு டேப்லெட்டைக் கொடுத்து உள்ளே அழைத்துப் போனார்கள். வெளியே சோபாவில் மதன்குமார் ஒரே நேரத்தில் இரண்டு விஷயங்களுக்கு வேண்டிக்கொண்டிருந்தார். மகள் பாஸாக வேண்டும்; இல்லையென்றால் சீட் கிடைக்காது. மகள் ஃபெயிலாக வேண்டும். இல்லையென்றால் ஓணானைப் பற்றி அவர் சொன்னது பொய்யாகிவிடும். எந்தச் சாமிக்கு எதைச் சொன்னோம் என்று அவருக்கே குழம்பிப்போனது.

கதவு திறந்தது. அட்மிஷன் மேடம் சிரித்துக்கொண்டே வந்தார். "கங்கிராட்ஸ் சார்! எக்ஸலன்ட் பெர்ஃபார்மன்ஸ். பாப்பா நம்ம ஸ்கூலுக்குன்னே பொறந்த மாதிரி இருக்கா. திங்கட்கிழமை சாயந்திரம் வரைக்கும் சீட் ஹோல்ட் பண்றோம் சார். அதுக்கு மேல முடியாது."

மதன்குமாருக்கு எங்கோ குமிழி வந்தது. ஒரு வருஷம் எறும்பும் தயிருமாகத் திரிந்த பிள்ளை எப்படி எக்ஸலன்ட் ஆக முடியும்? காரில் ஏறியதும் கேட்டார்.

"நெசத்தச் சொல்லு கண்ணு. பக்கத்துல பாத்து அமுக்குனியா?"

"பக்கத்துல யாருமே இல்லீங்ப்பா."

"அப்ப?"

"எல்லாத்துக்கும் மூணாவது பதிலையே அமுக்குனேன்."

"எல்லாத்துக்குமா? கேள்வியப் படிக்கவே இல்லையா?"

"மொத ரண்டு படிச்சேன். ஒண்ணு தெரிஞ்சுது, ஒண்ணு தெரியல. யோசிச்சுட்டு இருந்தேன். டேப்லெட் குடுத்த அக்கா வந்து, 'ரொம்ப யோசிக்காத பாப்பா, எதையாச்சும் அமுக்கு, ஒண்ணும் ஆகாது'ன்னு சொல்லுச்சு. அப்பத்தான் டவுட் வந்துச்சு."

"என்ன டவுட்டு?"

"பெஞ்ச் கெட்டுப்போயிருக்குமோன்னு. அதான் செவப்புப் பீஸ் உட்டுப் பாத்தேன்."

கார் அப்போது ஹோப் காலேஜ் சிக்னலில் நின்றுகொண்டிருந்தது. பச்சை விழுந்தது. மதன்குமார் நகரவில்லை. பின்னால் டவுன் பஸ்காரர் ஹாரனை அழுத்தி, அவருடைய முன்னோர்களை விசாரித்தார். மதன்குமார் அதற்கும் நகரவில்லை. மூன்றாவதை மட்டும் அமுக்கிய பிள்ளை எக்ஸலன்ட். அப்படியானால் இரண்டாவதை அமுக்கினாலும் எக்ஸலன்ட். டேப்லெட்டைத் தொடாமல் மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் எக்ஸலன்ட். அந்த மீனும் எக்ஸலன்ட்.

வீட்டில் கீதா விஷயத்தைக் கேட்டுச் சிரித்து முடித்துவிட்டு, "அப்ப புள்ள ஓணான்லயே இருக்கட்டுமுங்க" என்றாள்.

"அதெப்புடி? ஒரு பெஞ்ச் கெட்டுப்போச்சுன்னா இன்னொரு பெஞ்ச் நல்லதுன்னு ஆயிருமா?"

"வேற என்னங்க பண்றது?"

"அங்கயும் ஒரு பீஸ் உட்டுப் பாக்கோணும்."

பீஸ் எது என்பதை அவர் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் யோசித்தார். கடைசியில், தன் தொழிலிலிருந்தே ஒரு பொய்யை எடுத்து, விரிசல் தெரியாமல் நன்றாக மெருகேற்றி வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை லீவு போட்டு ஓணானுக்குப் போனார். அவர் பொய்யை அங்கே எல்லோரும் நம்பிவிட்டால் ஓணானும் ரிஜெக்ட். அன்று சாயந்திரத்துக்குள் பெரிய பள்ளிக்கே போய்ச் சீட்டை வாங்கிவிடுவது. கெட்டுப்போன இரண்டு பெஞ்சில் ஏ.சி. உள்ள பெஞ்ச் மேல்.

கிணறு மாதம் என்பதால் பிள்ளைகள் தறிக்கூடத்துக்குப் பின்னால், கம்பிவலை போட்ட பழைய கிணற்றைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, தண்ணீர் ஐம்பது அடிக்குக் கீழே கிடக்கிறது என்று கண்டுபிடித்திருந்தார்கள். மேலே ஒரு மோட்டார் பம்ப் சும்மா கிடந்தது.

"நான் பம்ப் கம்பெனியில இருக்கறனுங்க" என்று மதன்குமார் தொண்டையைச் செருமினார். "ஒரு ரகசியம் சொல்றேன். தண்ணி எத்தன ஆழத்துல இருந்தாலும் செரி, மோட்டார மேலயே வெச்சு உறிஞ்சிப்போடலாம். நல்ல மோட்டாரா இருந்தாப் போதும். நூறு அடின்னாலும் வந்துரும்."

அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. கேசரி விஷயத்தில் அவர் மாமனார் வீட்டார்கூட இவ்வளவு நேர்த்தியாகப் பொய் சொல்லவில்லை.

"ஆமாங்க மாமா, எங்கூட்டுலயும் அப்படித்தான்" என்றான் நிதீஷ் என்ற பையன், உடனே. மதன்குமாரின் மனக்கண்ணில் சிவப்பு அட்டை ஆடியது. தமிழ்ச்செல்வனைப் பார்த்தார். அவர் தாடியைச் சொறிந்துகொண்டிருந்தார்.

லோகப்பிரியா கண்ணைச் சுருக்கினாள். தேங்காய்க் கடையில் மதன்குமார் சுருக்குகிற அதே சுருக்கு.

"காட்டுங்ப்பா" என்றாள்.

"எதக் காட்டறது?"

"அதான் மோட்டார் இருக்குதே."

"ஆமாங்க மாமா, காட்டுங்க" என்று நிதீஷும் கட்சி மாறினான். எல்லோரும் தமிழ்ச்செல்வனைப் பார்த்தார்கள்.

"பாத்துரலாமே" என்றார் அவர்.

பிறகு நடந்ததைச் சொன்னால் தரக்கட்டுப்பாட்டுத் துறையே தலைகுனியும். தன் பொய்யை நிரூபிக்க மதன்குமார் வேட்டியை மடித்துக் கட்டினார். பிள்ளைகள் குழாய் தூக்கி வந்தார்கள். குழாய் மூட்டுகளை அவரே போட்டார். வேறு யாரையும் நம்பவில்லை. காற்று ஒரு துளி புகுந்தாலும் சோதனை செல்லாதே! ஊற்றிய தண்ணீர் கிணற்றில் இறங்காமல் தடுக்கும் அடி வால்வைக் கழுவி, நூல் சுற்றி, இறுக்கி, மேலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் குழாயை நிரப்பினார். பொய்யொன்றுக்கு இவ்வளவு சுத்தமாக வேலை செய்தவர் கோவை ஜில்லாவில் வேறு யாரும் இருக்க முடியாது.

தமிழ்ச்செல்வன் சுவிட்சைப் போட்டார். மோட்டார் ஓடியது. ஊற்றிய தண்ணீரில் கொஞ்சம் வெளியே வந்து விழுந்தது, பிள்ளைகள் கத்தினார்கள். பிறகு தண்ணீர் நின்றது. பம்புக்குள் கூழாங்கல் உருள்வது போலச் சத்தம் எழுந்தது.

"கொஞ்ச நேரம் ஓடட்டுங்க மாமா, வரும்" என்றான் நிதீஷ்.

"வருமா?" என்றாள் லோகப்பிரியா. மற்றவர்கள் பம்பைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

 தண்ணீரில்லாமல் பம்ப் ஓடுகிறது. உள்ளே கசிவை அடைக்கும் சீல் சூடாகிக்கொண்டிருக்கும். இன்னும் கொஞ்சம் போனால் கருகும். யாரோ ஒரு தரக்கட்டுப்பாட்டுக்காரர் பச்சை அட்டை கட்டி அனுப்பிய நல்ல பம்ப். அவருடைய சட்டைப்பையில் போன் அடித்தது. பெரிய பள்ளி. பம்ப் கதறியது. 

"நிறுத்துங்க!" என்று அலறினார். "ஆஃப் பண்ணுங்க! சீல் போயிருமுங்க! வராது, வரவே வராது! இருவத்தஞ்சு அடிக்கு மேல எந்தக் கொம்பன் மோட்டாரும் மேல இருந்து உறியாது!"

அவர் சொல்லி முடிப்பதற்குள் பம்ப் நின்றது. போன் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

"அப்பறம் எதுக்குங்ப்பா பொய் சொன்னீங்க?" என்றாள் லோகப்பிரியா.

"செவப்புப் பீஸ்" என்றார் மதன்குமார், தலையைக் குனிந்துகொண்டு.

பிள்ளைகளுக்கு அது என்னவென்று லோகப்பிரியா விளக்கத் தொடங்கினாள். விரிசல், தொட்டி, குமிழி, எதையும் விடவில்லை. வரதராஜுலுவோடு பன் சாப்பிடப் போனவள் இவ்வளவையும் எப்போது பார்த்தாள் என்று அவருக்கு விளங்கவில்லை. நடுவில் நிதீஷ், "அது ஏன் இருவத்தஞ்சு அடி? முப்பது ஏன் ஆகாது?" என்று கேட்க, பாதிப் பேர் கயிற்றை எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.

போன் மறுபடி அடித்தது. எடுத்தார்.

"சார், சீட்டை இன்னைக்கு சாயந்திரத்துக்கு மேல ஹோல்ட் பண்ண முடியாதுங்க சார்."

"பரவாலீங்க. வேற புள்ளைக்குக் குடுத்துருங்க."

"ஏன் சார், எனி பிராப்ளம்? பாப்பா எக்ஸலன்ட் சார்!"

"அதானுங்க பிராப்ளம்" என்று வைத்துவிட்டார்.

கிளம்பும்போது தமிழ்ச்செல்வனைத் தனியே ஓரங்கட்டினார். "நெசமாச் சொல்லுங்க. அந்த இருவத்தஞ்சு அடி சமாச்சாரம் உங்களுக்கு முன்னாடியே தெரியுங்களா, தெரியாதுங்களா?"

"நீங்க என்னங்க நெனைக்கறீங்க?" என்றார் தமிழ்ச்செல்வன்.

வழியெல்லாம் மதன்குமார் அதையே நினைத்தார். தெரிந்திருந்தால், தெரிந்தே ஒரு நல்ல பம்பை வெறுமனே ஓட விட்டவர். ரிஜெக்ட். தெரியாதிருந்தால், ஒன்றும் தெரியாதவர். அதுவும் ரிஜெக்ட். ஆனால் நீலாம்பூர் தாண்டும்போது இன்னொன்று நினைவுக்கு வந்தது. பம்ப் ஓடிய நேரம் முழுக்க அந்த மனிதர் சுவிட்சிலிருந்து கையை எடுக்கவேயில்லை. தான் அலறிய மாத்திரத்தில் பம்ப் எப்படி நின்றது? அலறுவதற்கு முன்பே நின்றதா? யோசிக்க யோசிக்க, தன்னைத்தான் யாரோ தொட்டியில் முக்கிக் குமிழி பார்த்துவிட்டார்கள் என்று பட்டது. பின்சீட்டில் இருந்த மகளைக் கண்ணாடியில் பார்த்தார்.

"நான் வரப்போறது முன்னாடியே அவங்களுக்குத் தெரியுமா அம்மணி? நீ எதாச்சும் சொல்லிப்போட்டயா?"

"நீங்களே கண்டுபுடிங்க" என்றாள் அவள், ஜன்னல் பக்கம் திரும்பி.

வாசலில் கீதா நின்றிருந்தாள். "என்னங்க முடிவு? ஓகேவா, ரிஜெக்டா?"

"ஹோல்டு" என்றார் மதன்குமார், செருப்பைக் கழற்றிக்கொண்டே. "இன்னும் ஒரு வருசம் போகட்டும். சனிக்கெழம சனிக்கெழம நானே நேர்ல போயி செக் பண்றேன்."

"அதுக்கென்ன, பாத்துரலாமேங்க" என்றாள் கீதா.

மதன்குமார் ஒரு கால் செருப்போடு அப்படியே நின்று, மனைவியின் முகத்தை நிதானமாகப் பார்த்தார்.